பெருநகரின் எல்லைக் கோடும் நம் ஊர்களும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சென்னைப் பெருநகர்ப் பகுதியின் ஆட்சி அமைப்பும் பொருளாதாரமும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். நான் வரலாறு பயின்ற இளங்கலைப் பட்டதாரி. பொருளியல் அறிஞன் அல்லன். ஆயினும் இந்த வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் கற்பித்தே தலை நரைத்தவன் ஆதலால், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சில செய்திகளைக் கூறலாம் எனத் துணிந்தேன்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நம் மாவட்டத் தலைநகர் எது?" என்றால் "திருவள்ளூர்" என்று உடனே கூறிவிடுவார்கள். "கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு இரயிலில் எவ்வாறு செல்வது?" என்றால் விழிப்பார்கள். ஏனெனில் நேர்வழி இல்லை. தெற்கு நோக்கி ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்று, சென்னையைத் தொட்டு, அங்கே வண்டி மாறி, மீண்டும் மேற்கு நோக்கி 40 கிலோமீட்டர் செல்ல வேண்டும். சிறுவர்கள் கல் எறியும் கவட்டையைப் போன்றது நமது இரயில் பாதை. இரண்டு கிளைகளின் நுனியில் நாமும் திருவள்ளூரும், பிடியில் சென்னை. பேருந்தில் பெரியபாளையம் வழியாகச் செல்லலாம். ஆயினும் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கச் செல்லும் கூலித் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி போயிற்று. 1997 ஜூலை முதல் நாள் வரையில் நிலைமை இன்னும் மோசம். அப்பொழுது நாம் ஒன்றுபட்ட செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தோம். ஆட்சியர் அலுவலகமோ சென்னைக்கு அப்பால் காஞ்சிபுரத்தில் இருந்தது. என் தந்தையார் ஒரு வீட்டுமனை மனுவுக்காக மூன்று முறை காஞ்சிபுரம் சென்று வந்ததை இன்றும் நினைத்துக் கொள்கிறேன். மூன்றாம் முறை திரும்பியபோது, "கோயிலையாவது பார்த்து வந்திருக்கலாம்" என்றார்.

இப்படி ஓர் அமைப்பு ஏன் உண்டாயிற்று? பாதைகள் நம்மை நம் ஆட்சியரிடம் சேர்ப்பதற்காகப் போடப்பட்டவை அல்ல. நம் பக்கத்துப் பொருள்களைச் சென்னைக்குக் கொண்டு சேர்ப்பதற்காகப் போடப்பட்டவை. 1639-இல் ஆங்கிலேயர் கோட்டைக்கு இடம் பெற்றனர். 1688-இல் மாநகராட்சி அமைந்தது. 1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து நகரைச் சுற்றிய நாட்டுப்புறம் ஜாகீராகக் கும்பினியின் கைக்கு வந்தது. அந்த ஜாகீரே பின்னர் செங்கற்பட்டு மாவட்டம் ஆயிற்று. அதாவது நம் மாவட்டம் பிறந்ததே நகரின் களஞ்சியமாக. நெல் சென்றது, எண்ணூர், அத்திப்பட்டு அளங்களின் உப்புச் சென்றது, பழவேற்காட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்புக்குச் சென்றது, ஸ்ரீஹரிகோட்டைக் காட்டின் விறகு பக்கிங்காம் கால்வாயில் படகேறிச் சென்றது. சென்னையின் அடுப்பு எரிந்த விறகை வெட்டியவர்களையும் படகில் ஏற்றியவர்களையும் பற்றி நகர வரலாறு எழுதியோர் அதிகம் எழுதவில்லை.

அந்த நெல்லை விளைவித்தவர் யார் என்பதனை மட்டும் ஓர் ஆங்கிலேய அதிகாரி எழுதி வைத்தார். செங்கற்பட்டில் ஆட்சியராகப் பணியாற்றிய திரெமென்ஹீர் 1891-இல் இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். குடியிருக்கும் மனையும் பிறருடையதாய், உழும் நிலமும் பிறருடையதாய், கடனுக்குப் படியாளாய் உழல்கின்றனர் என்பதே அதன் சாரம். அதன் விளைவாக 1892-இல் பிறந்த அரசாணையே, இன்று பஞ்சமி நிலம் என நாம் வழங்கும் நிலங்களுக்கு அடிப்படை. ஒடுக்கப்பட்டோருக்கு வழங்கிய நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கலாகாது, அதன் பின்னரும் அவ்வகுப்பினருக்கன்றிப் பிறருக்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. சென்னை மாகாணம் முழுவதற்குமான இந்த ஆணைக்கு வித்திட்டது நம் மாவட்டம் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். அந்நிலங்கள் இன்று யார் கையில் உள்ளன என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

இனி, எல்லைக் கோட்டுக்கு வருவோம். நகரம் தன் எல்லையைக் கடந்து வளரத் தொடங்கியபோது, 1972-இல் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைக்கப்பட்டு, 1974-இல் சட்டப்படியான அமைப்பாயிற்று. 1975-இல் முதல் முழுமைத் திட்டம் உருவாயிற்று. பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டர் என வரையறுக்கப்பட்டது. வடக்கே அந்தக் கோடு மீஞ்சூரோடு நின்றுவிட்டது. பொன்னேரி இல்லை, கவரைப்பேட்டை இல்லை, கும்மிடிப்பூண்டி இல்லை. 1979-இல் கும்மிடிப்பூண்டி வரை மின்சார இரயில் பாதை வந்தது. நகருக்கு வேலை செய்யப் போய்வரும் அளவுக்கு நாம் அருகில் இருந்தோம். நகரத் திட்டத்தில் சேரும் அளவுக்கு அருகில் இல்லை.

கோடுகள் பல, அவை ஒன்றோடொன்று பொருந்துவதும் இல்லை. மாநகராட்சியின் எல்லை ஒன்று. வருவாய் மாவட்டத்தின் எல்லை வேறு. காவல் ஆணையரகத்தின் எல்லை வேறு. 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அம்பத்தூரும் மாதவரமும் திருவொற்றியூரும் அதனுள் சென்றன. ஆனால் அவ்வூர்கள் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியது 2018-இல்தான். ஆக, ஏழு ஆண்டுகள் அம்பத்தூர்க்காரர் சொத்து வரியைச் சென்னைக்குச் செலுத்தி, பட்டாவுக்குத் திருவள்ளூரை நாடினார். படித்தவருக்கே தலை சுற்றும் இவ்வேற்பாட்டில், கையெழுத்துப் போடத் தெரியாத நம் பாட்டியார் எந்த அலுவலகத்தின் வாயிலில் நிற்பார்?

தொழில் வளம் எவ்வாறு பரவியது என்று பார்ப்போம். பெரம்பூரில் 1955-இல் இரயில் பெட்டித் தொழிற்சாலை, 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டை, 1960-களில் ஆவடியும் அம்பத்தூரும், 1969-இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம். பின்னர் 1994-இல் வடசென்னை அனல் மின் நிலையம். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம். பிற்காலத்தில் மேற்கிலும் தெற்கிலும் கார்த் தொழிலும் கணிப்பொறித் தொழிலும் சென்றன. வடக்கே வந்தவை பெரும்பாலும் புகையும் சாம்பலும் உடையவை. இதில் எவருடைய சூழ்ச்சியும் உண்டு என நான் கூறவில்லை. துறைமுகமும் நிலக்கரியும் வடக்கே, எனவே ஆலையும் வடக்கே என்பர். ஆயினும் எண்ணூரின் சாம்பலைச் சுவாசித்தவர்கள் எவ்வகுப்பினர் என்று ஒரு கணக்கு எடுத்தால், புவியியல் மட்டும் காரணம் அன்று என்பது புலப்படும்.

சிப்காட் நிறுவனம் 1971-இல் தொடங்கப்பட்டு, முதல் வளாகத்தை இராணிப்பேட்டையில் அமைத்தது. அதன் பின்னர் வந்தவற்றுள் ஒன்று நம் கும்மிடிப்பூண்டி வளாகம். கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையும் இரயில் பாதையும் அருகே இருந்தன, துறைமுகம் தொலைவில் இல்லை, நிலம் மலிவு. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் பெருகின. சென்னையில் எழும்பும் அடுக்குமாடிகளுக்குள் இருக்கும் கம்பியில் நம் ஊர் உலையில் உருகியதும் உண்டு. 1980-களில் நான் பள்ளி மாணவன். மாலையில் உலைகளின் செவ்வொளி வானத்தில் படர்வதைக் கண்டு, "நம் பிள்ளைகளுக்கு வேலை வந்துவிட்டது" என்று சேரியில் பேசிக்கொண்டனர்.

வேலை வந்ததா? என் சிற்றப்பா மகன் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவில் தேறி, சான்றிதழை நெகிழி உறையில் இட்டு, ஓர் ஆலையின் வாயிலுக்குச் சென்றான். அந்த ஆலையின் பெயர் இங்கே வேண்டா. "உள்ளூர் ஆட்களை நிரந்தர வேலைக்கு எடுப்பதில்லை, சங்கம் வைப்பீர்கள்" என்று வாயிற்காப்போன் மூலம் விடை வந்தது. அடுத்த மாதம் அதே ஆலைக்குள் ஒப்பந்தக்காரரின் ஆளாக, பழைய இரும்பைச் சுமக்க நுழைந்தான். பதினெட்டு ஆண்டுகள் அவ்வாறே சுமந்தான். சான்றிதழ் அந்த உறையிலேயே இருக்கிறது. இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் அந்த வேலையைச் செய்கின்றனர். அவர்கள்மீது நமக்குப் பகை வேண்டியதில்லை. அவர்களுள் பலர் அவ்வூர்களின் நம்மவர்களே.

நகரம் நம்மிடமிருந்து பெற்றது உழைப்பு மட்டும் அன்று. தண்ணீரும்தான். பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் அமைந்தது. பின்னர் ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகைகளில், மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கி நகருக்கு நீர் கொண்டு சென்றனர். மீஞ்சூர்ப் பக்கத்தில் நிலத்தடி நீர் இறங்க இறங்கக் கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உவர்த்தன. பின்னர் 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் அப்பக்கத்திலேயே, காட்டுப்பள்ளியில், வந்தது! கிருஷ்ணா நீர் 1996-இல் ஊத்துக்கோட்டை வழியே வந்து சேர்ந்தது. 2020 நவம்பரில் நம் வட்டத்திலேயே கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து 500 மில்லியன் கன அடி கொள்ளும் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. சென்னையின் ஐந்தாவது குடிநீர் ஏரி என்று நாளிதழ்கள் எழுதின. "சென்னையின்" என்னும் சொல்லைக் கவனியுங்கள்.

அதே தேர்வாய்கண்டிகையின் மற்றொரு வரலாறு நம் பிள்ளைகள் அறிய வேண்டியது. அவ்வூர் மக்களுள் பெரும்பாலோர் நம்மவர். ஊரை ஒட்டி 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட மேய்க்கால் புறம்போக்கு இருந்தது. பதிவேட்டில் அது மேய்க்கால். மக்களுக்கோ ஆடு மாடு மேயவும், விறகு பொறுக்கவும், மழைநீர் ஏரிக்கு இறங்கவும் இருந்த காடு. சொந்த நிலம் இல்லாதவனுக்குப் பொது நிலமே சொத்து. அந்நிலம் சிப்காட்டுக்கு வழங்கப்பட்டது. 2009-இல் மிச்செலின் என்னும் பிரெஞ்சு நாட்டு டயர் நிறுவனத்தோடு அரசு உடன்படிக்கை செய்து, அங்கே தொழிற்சாலை எழுந்தது. மக்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தனர். சிறை சென்றோரும் உண்டு. 2012-இல் அவர்களுடைய முறையீடு பாரிசு நகர் வரை சென்றது. கும்மிடிப்பூண்டி வட்டாட்சியர் அலுவலகத்தில் தொடங்க வேண்டிய ஒரு பேச்சு பாரிசில் முடிந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். தொழிற்சாலை வேண்டாம் என்பதன்று என் கருத்து. அங்கே டயர் செய்கிறார்கள். சிலருக்கு வேலையும் உண்டு. ஆனால் மேய்க்காலை மாற்றும்போது, மேய்ப்பவனைக் கேட்டார்களா என்பதே கேள்வி.

இரண்டு சட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். நம் மக்களுக்கு மனை வழங்குவதற்காக நிலம் எடுக்க 1978-இல் மாநில அரசு தனிச் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் பயனாய்க் குடும்பத்துக்கு மூன்று சென்ட் என்ற கணக்கில் குடியிருப்புகள் எழுந்தன. அதற்கும் நிலவுடைமையாளர்கள் நீதிமன்றம் சென்று தடை வாங்கிய ஊர்கள் பல. தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்க 1997-இல் மற்றொரு சட்டம் வந்தது. அதன்படி எடுப்பது ஏக்கர் நூற்றுக்கணக்கில். நிலம் எடுக்க அரசால் இயலாது என்று இனி யாரேனும் நம்மிடம் கூறினால், ஒரு சிப்காட் வளாகத்தைச் சுட்டிக் காட்டுங்கள்.

இவ்வளவும் நிகழ்ந்தபோது நம் முன்னோர் ஏன் அறியாதிருந்தனர்? வரைபடமும் பதிவேடும் ஊர்க் கர்ணத்தின் வீட்டுத் திண்ணைக்குள் இருந்தன. அந்தத் திண்ணையில் நம்மவர் ஏற இயலாது. 1980-இல் பரம்பரைக் கிராம அலுவலர் முறை ஒழிக்கப்பட்டது. இதனைச் சாதாரணமாகக் கருதிவிடாதீர்கள். இன்று தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் அதே காலத்தில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் பணியும் நடந்தது. யு.டி.ஆர். என்பார்களே, அதுதான். பழைய பதிவேட்டில் ஒடுக்கப்பட்டோர் நிபந்தனை நிலம் என்றிருந்த குறிப்பு, புதிய பதிவேட்டில் ஏறாமற் போன இடங்கள் உண்டு. யார் பெயரில் அனுபவம் இருந்ததோ அவர் பெயர் ஏறியது. 1994-இல் செங்கற்பட்டுப் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர். திரெமென்ஹீர் அறிக்கை எழுதிய மாவட்டத்திலேயே, நூற்று மூன்று ஆண்டுகள் கழித்து.

இன்னொரு கோடு நமக்கு மிக அருகில் உள்ளது, மாநில எல்லை. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி நம் பக்கம் வந்தது. சத்தியவேட்டுப் பக்கத்து ஊர்கள் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துக்குச் சென்றன. மொழியை அளந்து கோடு கிழித்தனர், உறவை அளக்கவில்லை. இன்று அந்தச் சத்தியவேட்டு மண்ணில்தான் 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி என்னும் பெருந்தொழில் நகரம் உள்ளது. விடியற்காலையில் நம் பெண்கள் வேலைக்கு அங்கே செல்கின்றனர். அங்குள்ளோர் மருத்துவத்துக்குச் சென்னை வருகின்றனர். பொருளாதாரம் கோட்டைத் தாண்டிவிட்டது. தில்லியைச் சூழ்ந்த பகுதிக்கு 1985-இல் பல மாநிலங்களையும் இணைத்துத் திட்டக் குழுமம் அமைத்தனர். நமக்கு அவ்வாறு ஒன்று இல்லை.

இதனால் நேரும் இடர் ஒன்றைக் கூறுகிறேன். அட்டவணைச் சாதிப் பட்டியல் மாநிலந்தோறும் தனித்தனி. ஒரு மாநிலத்தவர் மற்றொன்றில் குடியேறினால், குடியேறிய மாநிலத்தின் கல்வியிலும் வேலையிலும் அச்சலுகையைக் கோர இயலாது என உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2018-இல் உறுதி செய்தது. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன். பெற்றோர் சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்து செங்கற்சூளை வேலைக்கு வந்து ஆரம்பாக்கம் அருகே தங்கியவர்கள். பத்தாம் வகுப்பில் 441 மதிப்பெண். பாலிடெக்னிக் சேர்க்கைக்குச் சாதிச் சான்று கேட்டபோது, "நீ ஆந்திரம்" என்றனர். ஆந்திரத்தில் கேட்டபோது, "நீ படித்தது தமிழ்நாடு" என்றனர். இறுதியில் அவன் பாட்டி ஒரு தகரப் பெட்டியிலிருந்து காகிதம் ஒன்றை எடுத்தார். பாட்டனார் பெயரில் 1938-இல் வழங்கிய நிபந்தனைப் பட்டா. அதில் "செங்கல்பட்டு ஜில்லா" என்றிருந்தது. நிலம் என்றோ கைமாறிவிட்டது. காகிதம் மட்டும் எஞ்சியிருந்தது. அதைக் கொண்டு மனுவுக்கு மேல் மனு எழுதினோம். சான்று கிடைத்தபோது சேர்க்கை முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த ஓராண்டு அவன் சூளையில் கல் அறுத்தான். அடுத்த ஆண்டு சேர்ந்தான்.

இனி, நடக்கவிருப்பது. பெருநகர்ப் பகுதியை 8,878 சதுர கிலோமீட்டராக விரிக்க 2018-இல் முயன்று, முடிவில் 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டர் என அரசு அறிவித்தது. மீஞ்சூரில் நின்ற கோடு நம்மையும் தாண்டிச் சென்றுவிட்டது. நாம் நகரத்துக்குப் போகவில்லை. நகரம் நம்மிடம் வந்திருக்கிறது. இதனால் நிலவிலை ஏறும். விற்பவர் மகிழ்வர், மனையற்றவர் மனை வாங்கும் நாள் இன்னும் தள்ளிப் போகும். திட்டம் வரையும்போது ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு பயன்பாடு குறிப்பார்கள். குடியிருப்பு, தொழில், வேளாண்மை, நீர்நிலை என்று. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவை வெளியிட்டு மக்களிடம் ஆட்சேபனை கேட்ட பின்னரே அதை உறுதி செய்ய வேண்டும். அந்த வரைவில் நம் குடியிருப்பு தொழிற்பகுதி என்று வண்ணம் தீட்டப்பட்டிருந்தால், பின்னாளில் வீடு விரிக்கவும் அனுமதி தடைபடும். சுடுகாட்டுப் பாதை வேறொருவர் மனைப்பிரிவுக்குள் மறைந்துவிடும். இவற்றைக் கெடுவுக்குள் எழுதிக் கொடுக்க ஊருக்கு நால்வர் வேண்டும்.

கழகத்தாரிடம் என் வேண்டுகோள் இதுவே. இக்கழகம் ஏறத்தாழ நம் மாவட்டத்தின் வயதை ஒத்தது. இதுவரை நோட்டுப் புத்தகமும் மாலை வகுப்பும் தந்தீர்கள். அவை தொடர வேண்டும். அவற்றோடு, நம் மக்கள் வாழும் ஒவ்வோர் ஊரின் கிராம வரைபடம், அ-பதிவேட்டின் படி, புல வரைபடம் ஆகியவற்றைக் கட்டணம் செலுத்தி வாங்கி, இக்கட்டடத்தில் ஓர் அலமாரியில் வையுங்கள். கோடை விடுமுறையில் பத்து நாள், அவற்றைப் படிக்கும் முறையை நானும் ஓய்வு பெற்ற நில அளவர் ஒருவரும் கற்றுத் தருகிறோம். ஊதியம் வேண்டா, தேநீர் போதும்.

இன்று முன்மாதிரியாக எங்கள் ஊர் வரைபடத்தைப் பின்சுவரில் மாட்டியிருக்கிறேன். ஊர் நத்தம் தெரிகிறது. ஏரியும் கோயிலும் தெரிகின்றன. நாற்பது ஆண்டுகளாக நாங்கள் குடியிருக்கும் காலனி இருக்கும் இடத்தில் புன்செய் என்றே எழுதியிருக்கிறது. உட்பிரிவு செய்து திருத்தக் கோரும் மனுவைச் சென்ற வாரம் எழுதி முடித்தேன். படி ஒன்று வரைபடத்தின் அடியில் குத்தியிருக்கிறது. உணவுக்குச் செல்லும் முன் மாணவர்கள் அதனைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். தங்கள் ஊரின் பெயரையும் புல எண்ணையும் அறிந்தவர்கள் அருகில் வைத்துள்ள நோட்டில் எழுதுங்கள். அறியாதவர்கள் வீட்டில் கேட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள்.